7.13 மணிக்கு வந்த குறுஞ்செய்தி

2022ஆம் ஆண்டு சுதந்திர தினம் திங்கட்கிழமையில் வந்தது. அதற்கு முந்தைய சனி, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை மாலை கதவை அடைத்த வங்கிக் கிளைகள் 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில்தான் திறந்தன. நான் சொல்லப்போகும் வழக்கு இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. பணத்தைப் பறிகொடுத்தவர் அதை வங்கியிடம் சொன்னது வெள்ளிக்கிழமை இரவிலா, செவ்வாய்க்கிழமை காலையிலா? இந்த ஒரு கேள்வியின் விடையில் 1,95,000 ரூபாய் தொங்கிக்கொண்டிருந்தது.

கும்பகோணத்தில் எங்கள் பகுதியில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் அழைப்பார்கள். 34 வருடம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். அப்போது அவருக்கு வயது 71. கணவர் காலமாகிவிட்டார், மகன் பெங்களூரில் இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை மாலை அவர் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. போன முறை கட்டிய மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும் என்றிருந்தது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு வந்த செய்திதான் அது. டீச்சர் கட்டணத்தை மின்வாரிய அலுவலகத்திலேயே வரிசையில் நின்று கட்டியிருந்தார், ரசீதும் கையில் இருந்தது. கடன் வைத்தவர் பயந்துபோய் இந்த எண்ணை அழைக்கிறார் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைக்காத டீச்சர், தன் பெயரில் ஒரு தவறான பாக்கி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அழைத்தார். அவருடைய நேர்மையே வலையாகிவிட்டது.

மறுமுனையில் பேசியவன் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான். பதிவைச் சரிசெய்ய ஒரு செயலியை இறக்கச் சொன்னான். பிறகு 10 ரூபாய் மட்டும் இணையவழியில் கட்டச் சொன்னான். அந்தச் செயலி, ஒருவருடைய கைப்பேசித் திரையை இன்னொருவர் தொலைவிலிருந்து பார்க்கவும் இயக்கவும் வழிசெய்வது. 10 ரூபாய் கட்டுவதற்காக டீச்சர் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டினார், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்த ஓ.டி.பி. எண்களை அவர் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே அவனுக்கு இருக்கவில்லை, அவை அவன் கண்ணெதிரில்தான் வந்து விழுந்தன.

வழக்கில் நிமிடங்கள் முக்கியம் என்பதால் அவற்றை வரிசையாகச் சொல்கிறேன். 6.52க்கு 49,000 ரூபாய் போனது. 6.58க்கு ஒரு லட்சம், 7.04க்கு இன்னொரு லட்சம். 7.09க்கு டீச்சர் தன் ஏ.டி.எம். அட்டையின் பின்புறம் இருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தார். 7.13க்கு வங்கியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் வேண்டுகோளின்படி உங்கள் அட்டை முடக்கப்பட்டது. கணக்கே முடங்கிவிட்டது என்று நம்பி அவர் உட்கார்ந்துவிட்டார். 7.24க்கு அவருடைய 2 லட்ச ரூபாய் பிக்சட் டெபாசிட் இணையவழியில் முறிக்கப்பட்டது. 7.31க்கு அதிலிருந்து 1,95,000 ரூபாய், அப்போதுதான் சேர்க்கப்பட்ட ஒரு பெயருக்குப் போனது. எதிரிலிருந்த மருந்துக் கடைப் பையன் வந்து பார்த்து, செயலியை நீக்கி, 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்தபோது மணி எட்டாகியிருந்தது. மொத்த இழப்பு 4,44,000 ரூபாய்.

செப்டம்பர் மாதம் அவர் என் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் வங்கியின் பதில் இருந்தது. நான்கே வரி. எல்லாப் பரிவர்த்தனைகளும் சரியான கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கொண்டு நடந்தவை, எனவே இது வாடிக்கையாளரின் அலட்சியம், புகார் 16.8.2022 அன்று கிளையில் பெறப்பட்டது, ஆகவே முடித்துவைக்கப்படுகிறது. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு டீச்சர் முதலில் சொன்னது பணத்தைப் பற்றியே அல்ல. "என் பையனுக்கு இது தெரிய வேண்டாம், வக்கீல் சார்" என்றார்.

நான் கடிதத்தில் பார்த்தது அந்தத் தேதியைத்தான். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வணிக வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் மின்னணு வழியில் பணம் போனால் இழப்பு யாருடையது என்பதை அது மூன்றாகப் பிரித்தது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா பொறுப்பும் இல்லை. தவறு இருவர் பக்கமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பில்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை பொறுப்பு. அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். மூன்றாவது வகை வாடிக்கையாளரின் அலட்சியம். அங்கே இழப்பு முழுவதும் அவருடையதுதான், ஆனால் அவர் வங்கிக்குச் சொல்லும் நேரம்வரை மட்டுமே. சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் இழப்பு.

வங்கியின் கடிதம் மூன்றாவது வகையின் முதல் பாதியைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. அலட்சியம் என்று ஒரு சொல்லை எழுதியதோடு கணக்கு முடிந்துவிட்டதாக அது எடுத்துக்கொண்டது. டீச்சர் அலட்சியமாக இருந்தார் என்பதை ஒரு வாதத்துக்காக ஒப்புக்கொண்டாலும், 7.13க்குப் பிறகு போன 1,95,000 ரூபாய் அவர் தலையில் விழ முடியாது. அதனால்தான் வங்கிக்கு 16ஆம் தேதி தேவைப்பட்டது. எழுத்துமூலப் புகார் வந்த செவ்வாய்க்கிழமைதான் தகவல் சொன்ன நாள் என்றால் எல்லா இழப்பும் அதற்கு முந்தையதாகிவிடும். வெள்ளி இரவுத் தொலைபேசி அழைப்பு தகவல்தான் என்றால் கடைசித் தொகை வங்கியுடையது.

வங்கியின் சட்டப் பிரிவோடு பேசியபோது அவர்கள் வைத்த வாதத்தை அற்பம் என்று ஒதுக்க முடியாது. அந்த அம்மா அட்டையைத்தான் முடக்கச் சொன்னார், நாங்கள் முடக்கினோம், இணையவழி வங்கிச் சேவையை முடக்கச் சொல்லவில்லையே என்றார்கள். இதற்கு என் பதில், புகார் என்பது என்ன என்ற கேள்வியிலிருந்து தொடங்கியது. வீட்டில் தீப்பிடித்தவர் தீயணைப்பு நிலையத்தை அழைத்து அடுப்படி எரிகிறது என்றால், கூடத்தைப் பற்றிச் சொல்லவில்லையே என்று யாரும் கேட்பதில்லை. இருபது நிமிடத்துக்குள் மூன்று தொகை போய்விட்டது, நான் அனுப்பவில்லை என்று ஒருவர் கதறும்போது, பணம் எந்த வாசல் வழியாகப் போகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தொகைகள் அட்டை வழியாகப் போகவே இல்லை என்பது அழைப்பை எடுத்தவரின் திரையில் தெரிந்திருக்கும். தெரிந்தவர் மூடாத கதவுக்குத் தெரியாதவர் விலை கொடுக்கக் கூடாது.

எந்த வாசலைத் தட்டுவது என்பது அடுத்த கேள்வி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரே தீர்ப்பு வழங்கும் அதிகாரி. அபுதாபியில் வேலைபார்த்த ஒரு தூத்துக்குடிக்காரர் போலி மின்னஞ்சலால் பணத்தை இழந்த வழக்கில், 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2010 ஏப்ரலில் ஒரு வங்கிக்கு உத்தரவிட்டதும் தமிழ்நாட்டின் அந்த அதிகாரிதான். ஆனால் வங்கி மேல்முறையீட்டுக்குப் போனதால் அந்த வழக்கு அத்தோடு முடியவில்லை என்பதும் எனக்கு நினைவிருந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. அங்கும் காலம் ஓடும். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகக் கட்டணம் இல்லை. வங்கியிடம் முதலில் புகார் செய்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ஓராண்டுக்குள் அங்கே போகலாம் என்பது அப்போதைய விதி. 71 வயதுக்காரருக்கு விரைவும் நியாயத்தின் ஒரு பகுதிதான் என்று அதையே தேர்ந்தெடுத்தேன்.

அதில் ஒரு விதி என்னையும் தொட்டது. 2021 நவம்பரில் வந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரே வக்கீலாக இருந்தாலொழிய வக்கீல் மூலம் புகார் கொடுக்க முடியாது. ஆகவே அந்த மனுவில் என் பெயர் இல்லை. எதைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன், எழுதியது டீச்சர். ஒரு கணக்குத் தேற்றத்தை நிறுவுவதுபோல எழுதினார். இடது பக்கம் நேரம், வலது பக்கம் நடந்தது, அதற்கான சான்று கைப்பேசியில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. 7.09 அழைப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்பதற்குக் கைப்பேசியின் பதிவு, 7.13க்கு வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியின் படம், முறிக்கப்பட்ட டெபாசிட்டின் ரசீது. என் அனுபவத்தில் எத்தனையோ மனுக்களை எழுதியிருக்கிறேன். அதைவிடத் தெளிவான ஒன்றை எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அந்த மனு நின்றது இரண்டு தூண்களின்மேல். முதலாவது, வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியின்மேல் என்று அதே சுற்றறிக்கை சொன்னது. இரண்டாவது, புகார் வந்தவுடன் புகார் எண்ணோடு பதில் அனுப்ப வேண்டும், செய்தி போன நேரத்தையும் பதில் வந்த நேரத்தையும் பதிந்துவைக்க வேண்டும் என்றும் அது வங்கியைக் கட்டுப்படுத்தியது. எங்களிடம் புகாரே பதிவாகவில்லை என்று வங்கி சொன்னால், தான் செய்யத் தவறிய ஒன்றையே தனக்குச் சாதகமாகக் காட்டுகிறது என்றுதான் பொருள். அழைப்பின் ஒலிப்பதிவைத் தாக்கல் செய்யும்படி கேட்டோம். வங்கி தாக்கல் செய்யவில்லை. அன்று டீச்சர் என்ன வார்த்தைகளில் பேசினார் என்பதை நான் கடைசிவரை கேட்கவே இல்லை. "எல்லாத்தையும் நிறுத்துங்கம்மான்னுதான் சொன்னேன்" என்று அவர் என்னிடம் சொன்னது மட்டுமே தெரியும். ஆனால் அட்டை முடக்கப்பட்டது என்ற அந்த ஒரு வரி, 7.13க்கு வங்கிக்கு விஷயம் தெரியும் என்பதற்கு வங்கியே எழுதிக்கொடுத்த சாட்சி. அதைப் பொய்யாக்க யாராலும் முடியவில்லை.

சமரசக் கட்டத்திலேயே வங்கி இறங்கிவந்தது. 2023 பிப்ரவரியில் டெபாசிட் அதன் பழைய தேதியிலிருந்தே, வட்டி இழப்பில்லாமல், டீச்சரின் பெயரில் மீண்டும் நின்றது. முதல் மூன்று தொகைகளைப் பொறுத்தவரை வங்கி அசையவில்லை. ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் சர்ச்சைக்குரிய தொகையை வங்கி கணக்கில் வரவு வைக்க வேண்டும், விசாரணை பிறகு நடக்கட்டும் என்பதும் அந்தச் சுற்றறிக்கையில் இருந்தது. அந்த வரவு இவருக்கு வைக்கப்படவில்லை. ஆறு மாதம் ஒரு ஓய்வூதியர் மருந்துச் செலவைக் குறைத்துக்கொண்டு வாழ்ந்தார். விதி காகிதத்தில் இருந்தும் அது வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை என்றால், அந்த இடைவெளியில் வாழ்பவர் ஒரு மனிதர்.

1930 அழைப்பால் நின்ற பணம் வேறொரு கதை. 7.04க்குப் போன ஒரு லட்சம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியின் கணக்கில் விழுந்திருந்தது. 38,000 ரூபாய் ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிட்டது, மீதி 62,000 ரூபாயை அந்தப் புகார் பிடித்து நிறுத்தியது. நிறுத்திய பணம் தானாகத் திரும்பிவிடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தஞ்சாவூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எப்.ஐ.ஆர். பதிவாகி, அதன்பிறகு நடுவர் நீதிமன்றத்தில் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 457ஆம் பிரிவின் கீழ் மனு போட்டு, இந்தப் பணம் என்னுடையது என்று காட்டி, பிணைப்பத்திரம் கொடுத்துத்தான் பெற வேண்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் அதே வேலையை 503ஆம் பிரிவு செய்கிறது.

அந்த விசாரணையில்தான் கணக்குக்காரனைப் பார்த்தேன். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பான். வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவனிடம் 3,000 ரூபாய்க்கு ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் கொடுத்திருந்தான். கணக்கு முடங்கியபோது அவனுடைய சொந்தக் கூலிப் பணமும் அதிலேயே அகப்பட்டுக்கொண்டது. நீதிமன்ற வராண்டாவில் அவனுடைய அம்மா டீச்சரிடம் வந்து, "அவன் திருடலைம்மா, கொடுத்துட்டான்" என்று அழுதார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். சட்டப்படி கணக்கின் சொந்தக்காரன் பதில் சொல்லியே ஆக வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் சிக்குபவன் கணக்கை வாடகைக்கு விட்டவன், வாடகைக்கு எடுத்தவனின் பெயர் அந்தக் கோப்பில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பையன் ஆட்சேபம் சொல்லவில்லை. 62,000 ரூபாய் டீச்சருக்கு விடுவிக்கப்பட்டது.

மீதம் நின்றது 1,87,000 ரூபாய். ஓ.டி.பி.யை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை, அவரிடமிருந்து களவாடப்பட்டது, கொடுத்தலும் களவுபோதலும் ஒன்றல்ல என்ற வாதத்தோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றேன். "போதும் சார், இனி என்னால அலைய முடியாது" என்றார். கட்சிக்காரரின் முடிவுக்கு மேல் வக்கீலுக்கு முடிவு இல்லை. ஆனால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் குவஹாத்தி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதிசெய்தது. வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுவதாகச் சொன்னவனை நம்பி ஒரு செயலியை இறக்கி, 94,000 ரூபாய்க்குமேல் இழந்தவர், 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொல்லியிருந்தார். அந்தத் தொகையை வங்கியே தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது, வாடிக்கையாளர்களும் ஓ.டி.பி. விஷயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. அதைப் படித்த அன்று டீச்சரின் வழக்குக் கட்டை எடுத்து மறுபடியும் புரட்டினேன். நுகர்வோர் சட்டத்தின் இரண்டாண்டுக் கெடு கடந்துபோயிருந்தது. அன்று அவரை இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்றும் இருக்கிறது.

அவர் அலைய முடியாது என்று சொன்னதற்கு வயது மட்டும் காரணமில்லை. வழக்கு நீண்டால் மகனுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் அதற்குள் இருந்தது. முப்பத்துநான்கு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் தன் கணக்கைக் காப்பாற்றத் தெரியாதவள் ஆகிவிட்டாளே என்பதுதான் அவர் நெஞ்சில் இருந்த முள். டெபாசிட் திரும்பி வந்த பிறகுதான் மகனிடம் சொன்னார். "ஏம்மா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணல?" என்று அவர் கேட்டாராம், வேறொன்றும் கேட்கவில்லையாம். பயந்த அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. இப்படி வருகிற எல்லாரிடமும் இந்த வெட்கத்தைப் பார்க்கிறேன். மாதக்கணக்கில் வெளியே சொல்லாமல் வைத்திருந்துவிட்டு வருபவர்களுக்கு என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு. ஏமாற்றியவன் எடுத்ததைவிட அந்த மௌனம் எடுத்தது அதிகம் என்று சொல்ல வேண்டிய நிலையில் பலமுறை இருந்திருக்கிறேன்.

ஆகவே படிப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். பணம் போனது தெரிந்தால் அழுவதற்கு முன்னால் அழையுங்கள். முதலில் வங்கி, அடுத்து 1930. அட்டை மட்டுமல்ல, இணையவழிச் சேவை, கைப்பேசிவழிச் சேவை, டெபாசிட் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் அழைத்த நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்துவையுங்கள். வந்த குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். வங்கி மூடியிருக்கிறதே என்று செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இப்படி நடந்தால் நான் திட்ட மாட்டேன், எனக்கு முதலில் சொல்லுங்கள் என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவையுங்கள். டீச்சருக்கு 2,57,000 ரூபாய் திரும்பி வந்தது. அவர் 7.09க்கு அந்த எண்ணை அழைக்காமல் இருந்திருந்தால், அதில் 1,95,000 ரூபாய் வந்திருக்காது.